தேய்ந்தது தெரிந்தே ஓட்டினேன்

கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். சங்கராபுரத்திலிருந்து தினமும் என் காரில்தான் போவேன். உடன் வேலை பார்த்த வளர்மதி டீச்சரும் அதிலேயே வருவார்.

ஒருநாள் பஞ்சர் கடைக்காரர் முன் டயரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “டயர் பட்டனும், தேய்மானம் காட்டறதுக்கு நடுவுல இருக்கிற சின்னக் கட்டையும் ஒரே மட்டமாயிடுச்சு சார். மாத்திடுங்க. இத வெச்சிக்கினு மழைல மலை ஏறாதீங்க.”

“அரையாண்டு லீவுல மாத்திக்கிறேன்” என்றேன்.

நான்காம் நாள் நல்ல மழை. மாலையில் இறங்கும்போது ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், டீச்சர் உட்கார்ந்திருந்த பக்கமாக மரத்தில் மோதியது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அவர் உயிர் போய்விட்டது.

பிணவறை வாசலில் அவருடைய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “மழைக்கு நீங்க இன்னா சார் பண்ணுவீங்க?”

நான் தலையாட்டினேன்.

அப்படித் தலையாட்டியது என்னைத் தூங்க விடவில்லை. காரியம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், கடைக்காரர் எச்சரித்ததையும் நான் தள்ளிப்போட்டதையும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“டயர் தேஞ்சது அவளுக்குத் தெரியுமா சார்?”

“தெரியாதுங்க. நான் சொல்லல.”

“சொல்லியிருந்தா பஸ்ல வந்திருப்பாளே” என்றவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

தினமும் காலையில் எதை நம்பி டீச்சர் என் காரில் ஏறினார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது அதைத் தவிர வேறு யோசனையே இல்லை.