புளியமரத்தைச் சாய்த்தவர்

கைத்தான் ரெபெலோ மரம் அறுக்கிறவர். கோவாவில், ஜுவாரி ஆற்றின் தென்கரையில் எங்கள் ஊர்க் கூரைகளில் பாதி அவர் அறுத்த மரம். பக்கத்து வீட்டு ஜிவ்பா கவுங்கர் மராத்தி வாத்தியார். இருவரும் சேர்ந்து மீன் பிடிக்கப் போவார்கள்.

1986 டிசம்பரில் அது நின்றது. போர்த்துகீசியர் போய் இருபத்தைந்து வருஷமாகியும் கோவா தனி மாநிலமாகவில்லை. முதலில் கொங்கணி ஆட்சிமொழியாகட்டும் என்றது ஒரு கட்சி. மராத்தியும் வேண்டும் என்றது இன்னொன்று. சந்தை மூன்று நாளாகத் திறக்கவில்லை. டயர் எரிந்த நாற்றம் ஊருக்குள்ளேயே தங்கிவிட்டது. எங்கோ யாரையோ குத்திவிட்டார்கள் என்றார்கள். பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு காலை, மீன் லாரி வைத்திருந்த மிங்கெல் நாலு பேரோடு கைத்தானிடம் வந்தான்.

"ரோட்டோரப் புளியமரத்தச் சாய்க்கணும். போலீஸ் வண்டி உள்ள வரக்கூடாது."

"நூறு வருஷ மரம்டா."

"நம்ம கொங்கணி பாஷை அதவிடப் பழசு. பயமாருந்தா கோடரியக் குடு, நாங்க பாத்துக்கறோம்."

"உங்க கையில குடுத்தா மரம் விழாது, நீங்கதான் விழுவீங்க" என்று கைத்தானே கிளம்பினார்.

பத்து மணிக்கு மரம் சாலையை அடைத்துக்கொண்டு விழுந்தது. நண்பகலில், வெளிப்பக்கம் காவல் நின்றவர்களுக்குப் பின்னால், மரத்துக்கு அப்பால் ஒரு வண்டியின் ஹாரன் விடாமல் அலறியது.

"போலீஸ் தந்திரம். யாரும் அசையாதீங்க" என்றான் மிங்கெல்.

"போலீஸ் வெளியேருந்துல்ல வரும்? இது ஊருக்குள்ளேருந்து வருது" என்றார் கைத்தான்.

மரத்தின்மேல் ஏறிப் பார்த்தார். டாக்சியின் பின்சீட்டில் ஜிவ்பாவின் மனைவி சுனந்தா, நிறைமாதம், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஜிவ்பா முந்தின நாள் மட்காவ் நகரத்துக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். கைத்தான் ரம்பத்தை எடுத்து அறுக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் மிங்கெலே மறுமுனையைப் பிடித்தான். வண்டி போக வழி திறக்க ஒன்றரை மணி நேரமாயிற்று. சுனந்தா பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

மறு வருஷம் மே முப்பதாம் தேதி கோவா மாநிலமாயிற்று. ஊரே பட்டாசு கொளுத்தியது. கதவடைத்துக்கொண்டு இருந்த கைத்தானைத் தேடி ஜிவ்பா வந்தார்.

"மாநிலமாயிட்டோம், கைத்தான். பழச விடு" என்று கையில் இரண்டு பேடா வைத்தார்.

இவனுக்கு எல்லாம் தெரியும், ஒருநாள் கேட்பதற்காக வைத்திருக்கிறான் என்று கைத்தானுக்குத் தோன்றியது. அதன்பின் ஒவ்வொரு மே மாதமும் மழைக்கு முந்தைய புழுக்கத்தோடு அந்தப் பயமும் வந்து உட்காரும். ஜிவ்பா சிரித்தால் பயம். சிரிக்காவிட்டால் இன்னும் பயம்.

மாநிலமானதன் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவில், போராடியவர்களுக்குச் சால்வை என்றார்கள். மிங்கெல் அப்போது பஞ்சாயத்துத் தலைவர். கைத்தான் மேடையேறி, சால்வையை வாங்காமல் மைக்கைப் பிடித்தார்.

"அந்தப் புளியமரத்த வெட்டினது நான்தான். ஜிவ்பா புள்ள போனது என்னால. இத்தன வருஷமா அவன் என்ன ஒரு வார்த்த கேக்கல."

முன்வரிசையிலிருந்த ஜிவ்பா மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"மரத்த வெட்டினது வெளியூர்க்காரங்கன்னுதான எல்லாரும் சொன்னீங்க?"

அப்படித்தான் சொல்லியிருந்தோம். சிலர் மிங்கெலுக்குப் பயந்து; சிலர் கைத்தானுக்காக. நானும் வாய் திறந்ததில்லை.

"மரத்து மேல அவர் நின்னதப் பாத்தேன்," என்றாள் சுனந்தா. "அறுத்து வழி விட்டதும் அவர்தான். உங்ககிட்ட எதச் சொல்லி எத விடறது?"

ஜிவ்பா எழுந்து, யாரையும் பார்க்காமல் நடந்தார். கைத்தான் மேடையிலேயே நின்றார். அவர் நினைத்து நடுங்கிய கேள்வி அன்றும் வரவில்லை.

இப்போது மே முப்பது வந்தால் கொடியேற்றத்துக்கு இருவருமே வருவதில்லை. போன வருஷம் விழா முடிந்து திரும்பும்போது பார்த்தேன்: ஜிவ்பா கைத்தான் வீட்டு வாசலில் நின்றிருந்தார். கதவைத் தட்டவில்லை. உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நான் நடையை எட்டிப் போட்டேன்.