குழாய்க் கட்சியும் பனியன் கட்சியும்

நேற்று டீக்கடையில் எனக்கு ஒரு கட்சிப் பனியன் கிடைத்தது. எங்கள் தொகுதி எம்.பி. காலமாகிவிட்டதால் இடைத்தேர்தல் வருகிறது. ஊர் முழுக்க வாரி இறைக்கிறார்கள். "சும்மா வாங்கிக்கோங்க, ஊட்டுல தரை தொடைக்கவாச்சும் ஆகுமுங்க" என்று கடைக்காரர் என் கையில் திணித்தார். வீட்டில் உறையைப் பிரித்ததும் பிரிண்டிங் பசையின் மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்த வாடையில் புஷ்பம் அக்காதான் ஞாபகம் வந்தாள்.

கோவில்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்து, ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் நான் ஒட்டிக்கொண்ட காலம் அது. கம்பெனிக்குப் பின்னால் இருந்த காம்பவுண்டில் லைன் வீடு. அத்தனை பேரும் தெற்கத்திக்காரர்கள். ஆளுக்கு ஓர் அறை, எல்லோருக்குமாக ஒரே கக்கூஸ். குடிதண்ணீர் லாரி, நாங்கள் எல்லோரும் மெஷினில் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வரும். பிடிக்க ஆள் இல்லாத வீட்டுக்கு அடுத்த லாரி வரை உப்புத் தண்ணீர்தான்.

பக்கத்து அறை புஷ்பம் அக்கா, துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். புருஷன் இல்லை. அவள் லீவு போட்டால் அடுப்பு எரியாது. அதனால் மகள் செல்வியைப் பள்ளிக்கு அனுப்பாமல் குடத்தோடு வாசலில் உட்கார வைத்திருந்தாள். எட்டாம் வகுப்பு. படு சுட்டி. பேக்கிங் லேபிளில் இருக்கும் இங்கிலீஷை எனக்கே வாசித்துக் காட்டி, "இதுகூடத் தெரியாமலா மாமா பெட்டி ஒட்டுறீங்க?" என்பாள். இனியும் வராவிட்டால் பேரை எடுத்துவிடுவோம் என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார்.

அப்போதும் ஒரு நாடாளுமன்ற இடைத்தேர்தல் வந்தது. எம்.பி. வந்து தெருக்குழாய் போடுவாரா என்று என்னிடம் கேட்காதீர்கள். இடைத்தேர்தலில் யாரும் எதையும் போடுவார்கள். கட்சிகளின் பெயர் நமக்கெதற்கு? ஒன்று குழாய்க் கட்சி, இன்னொன்று பனியன் கட்சி என்று வைத்துக்கொள்வோம். ஓட்டை இந்த ஊருக்கு மாற்றிய நாளிலிருந்து எங்கள் காம்பவுண்டு குழாய்க் கட்சிக்குத்தான் போட்டு வந்தது. அந்த உரிமையில் அவர்கள் சந்து முனையில் பிளாஸ்டிக் குழாய்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். "எலெக்சன் முடிஞ்ச மக்காநாளு குழி வெட்டீர்றமுங்க" என்றார் அவர்களுடைய ஏரியா செயலாளர். புஷ்பம் அக்கா அந்தக் குழாயைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பனியன் கட்சி ஊருக்கு இறைத்த பனியன் எங்கள் கம்பெனியில்தான் தயாரானது. "தெக்கிற ஊசிக்குக் கட்சி ஏதுங்க கண்ணு?" என்பார் முதலாளி. சரக்குப் போன கொஞ்ச நாளில் அதே பனியனை மறுபடி அவசரமாக வெட்டச் சொன்னார்கள். ரிப்பீட் ஆர்டர்! திருப்பூரில் பிழைப்பவனுக்கு வேதம், ஜோசியம், கருத்துக்கணிப்பு எல்லாமே அதுதான். கட்டிங் மாஸ்டர் துரைராஜ் அண்ணாச்சி சொன்னால் காம்பவுண்டில் மறுபேச்சுக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார்:

"சரக்கு ஓடாம எவம்ல ரிப்பீட் குடுப்பான்? காத்து அந்தப் பக்கம் அடிக்கி. தோக்கப் போறவன் குழாய் மண்ணுக்குள்ள போவுமா?"

நானும் பெரிய அரசியல் ஞானி மாதிரித் தலையாட்டினேன்.

புஷ்பம் அக்காவுக்குத்தான் மனசு வரவில்லை. "கண்ணு முன்னால குழாய் கெடக்கே அண்ணாச்சி."

"கெடக்குற குழாயில தண்ணி வராதும்மா. செயிக்கிறவன்லா தொறந்து விடணும்."

அவள் செல்வியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "எம்புள்ள பள்ளிக்கூடம் போவணும். அது எந்தச் சின்னமா இருந்தா எனக்கென்ன?" என்றாள். அன்று சாயங்காலமே காம்பவுண்டு கேட்டில் பனியன் கட்சிக் கொடி ஏறியது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அதைக் கொட்டடித்துச் செய்தோம்.

குழாய்க் கட்சி ஜெயித்தது. எங்கள் பூத்தில் மட்டும் தோற்றிருந்தது. மறுநாள் காலையில் கட்சிக்காரர்கள் லாரியோடு வந்ததைப் பார்த்து, குழி வெட்டத்தான் வருகிறார்கள் என்று சிலர் கும்பிடக்கூடச் செய்தார்கள். வந்தவர்கள் குழாய்களை ஒவ்வொன்றாக லாரியில் ஏற்றினார்கள். புஷ்பம் அக்கா ஓடிப்போய் லாரிக்கு முன்னால் நின்றாள். "அய்யா, புள்ள படிப்பு போயிரும்யா."

செயலாளர் குரலை உயர்த்தவே இல்லை. "கோவிச்சுக்காதீங்கக்கா. ஓட்ட அங்க போட்டீங்க, தண்ணியும் அங்கயே கேட்டுக்கோங்க." அந்த மரியாதையைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பள்ளியில் செல்வியின் பேரை எடுத்துவிட்டார்கள். லாரி வராத நாளில் சும்மா இருப்பானேன் என்று, டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு அக்கா அவளைக் கம்பெனிக்குக் கூட்டி வந்தாள்.

ஆயுத பூஜை அன்று பொரி கொடுத்துக்கொண்டிருந்த முதலாளியிடம், ரிப்பீட் கொடுத்த கட்சி எப்படித் தோற்றது என்று வாய்விட்டே கேட்டேன். அவர் சிரித்தார். "ரிப்பீட்டா? அட நீங்க ஒண்ணுங்க கண்ணு! மொத லாட்டு மழைல சாயம் எறங்கி, கட்சிக்காரங்க வேட்டியெல்லாம் பாழு. அதுக்குப் பதிலு தெச்சுக் குடுத்ததுங்க. கம்பெனி பேரு கெட்டுருமுன்னு மூச்சு உடல."

கையில் வாங்கிய பொரியைக் கொண்டுபோய்ச் செல்வியின் கையில் கொட்டினேன்.

குழாய் பின்னால் வராமல் இல்லை. ஏதோ ஒரு திட்டத்தில், யாரும் கேட்காமலே வந்தது. அப்போது செல்வி ஓவர்லாக் டெய்லர் ஆகியிருந்தாள். துரைராஜ் அண்ணாச்சி ஊரோடு போய்விட்டார். புஷ்பம் அக்கா இப்போது இல்லை. அந்தக் காம்பவுண்டில் இன்று பீகார், ஒடிசாப் பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஓட்டு அவர்கள் ஊரில். பிரசார வண்டி சந்து முனையில் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை.

போன வாரம் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்த செல்வியைப் பார்த்தேன். காதோரம் நரைத்திருக்கிறது. இந்தத் தடவை ஓட்டு யாருக்கு என்று கேட்டு வைத்தேன்.

"யாருக்கும் இல்ல மாமா. எலெக்சன் அன்னிக்கு லீவு, தூங்கப் போறேன்" என்றாள். பஸ் வந்தது. ஏறப் போனவள் திரும்பி, "அன்னிக்கு நம்ம மேல கோவப்பட்டுக் குழாயத் தூக்கிட்டுப் போனாங்கல்ல? இப்ப ஓட்டே போடலன்னாலும் நம்ம மேல கோவப்படக்கூட ஆளில்ல மாமா" என்றாள்.