சூரியனுக்கு ஸ்விட்ச் போட்டவன்

தொண்ணூறுகளில் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் பொழுது சாய்ந்தால் கரண்ட் போகும். போனதும் தெருவே "ஓ..." என்று கத்தும். அந்தக் கோரஸில் பெரிய சத்தம் எங்கள் ஹாலிலிருந்துதான் வரும். அங்கே என் மனைவி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். கரண்ட் போனால் அவர்களுக்கு லீவு.

பொதுத்தேர்வு நெருங்கியபோது, டார்ச்சோடு மகளை அழைத்துப்போக வந்த ஒரு அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார்: "தினம் இப்படிப் பாதியில அனுப்பினா எப்படி டீச்சர்? சிட்லபாக்கத்துல ஜெனரேட்டர் வெச்சு எடுக்கறாங்களாம். எல்லாரும் அங்க மாத்திடலாம்னு பேசிக்கறோம்."

மனைவி அன்று சரியாகச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். யோசிக்கத் தெம்பு வேண்டுமே.

எங்கள் கம்பெனியில் கண்காட்சிக்கு வைத்துவிட்டு மூலையில் போட்டிருந்த சோலார் பேனல் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். கோணியில் சுற்றி மின்சார ரயிலில் ஏற்றினால், பக்கத்தில் நின்றவர், "இன்னா சார், கேரம் போர்டா? காயின்லாம் கீதா?" என்றார்.

"சூரியன்," என்றேன்.

அடுத்த ஸ்டேஷனில் அவர் வேறு பெட்டிக்கு மாறிவிட்டார்.

பேனல் மொட்டை மாடிக்குப் போனது. லாரி பேட்டரி மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்தது. பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகாமல் பார்த்துக்கொள்ள நடுவில் ஒரு சின்னப் பெட்டி. ஹாலில் பன்னிரண்டு வோல்ட்டில் எரிகிற டியூப் லைட். மிச்சம் இருந்தது ஒரே வேலைதான்: மெயின் போர்டிலிருந்து ஹால் லைட்டுக்குப் போகிற இரண்டு ஒயர்களையும் கழற்றி, பேட்டரிப் பக்கம் மாட்ட வேண்டும். மெயினை அணைத்தேன். டெஸ்டரால் தொட்டுப் பார்த்தேன். என்னை நம்பாமல் இன்னொரு தடவை தொட்டேன். மாட்டி முடித்து, மெயினையும் ஸ்விட்சையும் போட்டதும் டியூப் பளீரென்று எரிந்தது. ஸ்டூலிலிருந்து இறங்காமல் கைதட்டலுக்காக நின்றேன்.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல்தான் வந்தது. "என்னங்க, மெயினைப் போட்டீங்களா? மிக்ஸி ஓடலையே."

வீட்டுக்கு ஒயரிங் செய்த புண்ணியவான், சமையலறை லைனை ஹால் லைட்டிலிருந்தே இழுத்திருக்கிறார். இப்போது மிக்ஸியும் என் சூரியனிடம் கையேந்தி நின்றது. பன்னிரண்டு வோல்ட்டுக்கு அது பெருமூச்சுகூட விடாது.

"டியூஷனுக்கு வெளிச்சம் வந்தாச்சு, சட்னிக்கு?"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, சமையலறையை ஹால் லைட்டிலிருந்து பிரித்து, மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்தேன். சுவரில் காரை பெயர்ந்தது, என் முட்டியிலும் கொஞ்சம்.

மறுநாள் டியூஷன் நடக்கும்போது தெரு "ஓ..." என்றது. ஹாலில் பாதிப் பேர் பழக்கத்தில் நோட்டை மூடிவிட்டார்கள். டியூப் லைட் கண் சிமிட்டக்கூட இல்லை.

"யாரு எழுந்தது? உட்காரு. அடுத்த கணக்கு," என்றாள் மனைவி, கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன். முன்வரிசைப் பையன் ஒருவன் என்னைப் பார்த்து, "சார், இது உங்க வேலையா?" என்றான்.

"ஆமாம்பா!"

"நாங்க உங்களுக்கு என்ன சார் பண்ணினோம்?"

அதற்குள் வாசலில் டார்ச் வெளிச்சம். அதே அம்மா. ஹாலை எட்டிப் பார்த்தார், தெருவைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டில் மட்டும்தான் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு, "நீங்க முடிங்க டீச்சர், நான் வெயிட் பண்றேன்," என்று படியில் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் இன்னும் நாலு பேனல் சுமந்திருப்பேன். வாயைத் திறந்தாள். சரி, எல்லார் முன்னாலும் பாராட்டப்போகிறாள் என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. போர்டு மேல உங்க நிழல் விழுது."

தள்ளித்தான் நின்றேன். ஆனால் ஹாலை விட்டுப் போகவில்லை.