முப்பத்தோராவது விடைத்தாள்

ஆறாம் வகுப்புக் காலாண்டு விடுமுறைக்கு எங்கள் புது டீச்சர் ஊருக்குப் போகவில்லை. அந்த ஒன்பது நாளும் எனக்குச் சோறு இறங்காமல் போனதற்கு அதுதான் காரணம்.

பரளச்சியிலிருந்து உள்ளே போகிற ரோட்டில், பஸ் மூன்று வேளை மட்டும் எட்டிப் பார்க்கிற ஊர் எங்களுடையது. அங்கே இருந்த நடுநிலைப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சராக அந்த ஜூலையில்தான் அவர் வந்தார். திண்டுக்கல் பக்கத்துக்காரர். அதுதான் முதல் வேலை. மற்ற டீச்சர்கள் எல்லாரும் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து பஸ்ஸில் திரும்புகிறவர்கள். இவருக்கு டவுனில் ஆள் பழக்கம் கிடையாது என்று தலைமையாசிரியர் அப்பாவிடம் பேசி, எங்கள் வீட்டை ஒட்டி விதை மூட்டை போட்டிருந்த ஓட்டு அறையை ஒழித்துக் கொடுக்க வைத்தார். பள்ளிக்கூடத்தில் மட்டும் பார்த்தால் போதும் என்றிருந்த ஒரு டீச்சரை நான் பல் விளக்கும்போதும் பார்க்க வேண்டியதாயிற்று.

அப்பாவுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. “கணக்குல எம்மக புலி, டீச்சர். நீங்களே பாப்பீக” என்று அறைச் சாவியைக் கொடுத்த கையோடு சொல்லிவிட்டார். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலிருந்தே எனக்குக் கணக்கு மறக்கத் தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

கணக்குதான் கடைசிப் பரீட்சை. வினாத்தாளின் முதல் பக்கம் முழுக்கப் பின்னங்கள். முந்தின நாள் வரை தெரிந்தவைதான். அன்றைக்குப் பார்த்தால் மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவில் ஒரு கோடு, அதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. பேரும் வகுப்பும் எழுதினேன். இரண்டு கணக்கைப் போட்டு இரண்டையும் அடித்தேன். அப்புறம் மணி அடித்துவிட்டது.

லீவு விட்ட குஷியில் பிள்ளைகள் தாள்களை மேசை மேல் போட்டுவிட்டு ஓடினார்கள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. வகுப்பைப் பூட்டிவிட்டுப் பஸ் பிடிக்க வேண்டுமென்று மற்ற டீச்சர்கள் வாசலில் நின்று அவசரப்படுத்தினார்கள். எங்கள் டீச்சர் தாள்களைத் தட்டி அடுக்கி, எண்ணிப் பார்க்காமலே நூல் போட்டுக் கட்டினார். என் தாள் அப்போது என் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் யோசித்து ஒன்றும் செய்யவில்லை. கை தானாகச் செய்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் அதன் தலையில் பள்ளிக்கூடத்து முத்திரை இருந்தது. முத்திரை குத்தின காகிதத்தைக் கிழித்தால் போலீஸ் பிடிக்கும் என்று எங்கள் வகுப்பில் ஒரு நம்பிக்கை. அதனால் நாலாக மடித்து, கொல்லையில் அடுப்புக்காக அடுக்கி வைத்திருந்த பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திச் செடிக் கட்டுகளுக்கு நடுவே செருகிவிட்டேன்.

மறுநாள் டீச்சர் ஊருக்குப் போய்விடுவார், விடைத்தாள் கட்டும் கூடவே போய்விடும், அங்கே ஒரு தாள் குறைந்தால் அது திண்டுக்கல் பக்கத்துப் பிரச்சினை என்பது என் கணக்கு. அதுவும் தப்பாய்ப் போயிற்று.

“போகலக்கா” என்றார் டீச்சர் அம்மாவிடம். “போனா பொண்ணு பாக்க ஆளக் கூட்டி வந்து உக்கார வச்சுருவாங்க. பேப்பர் திருத்தணும்னு சொல்லிட்டேன்.”

திருத்தப் போகிறவர் போலவும் தெரியவில்லை. முதல் நாள் எட்டு மணி வரை கதவு திறக்கவில்லை. அம்மா இரண்டு தடவை வெளியே வந்து பார்த்துவிட்டு, “டீச்சருக்கு மேலுக்கு முடியலயா என்னன்னு தெரியலயே” என்று கவலைப்பட்டார். டீச்சர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, “தூங்கிட்டேங்க்கா” என்றார், பரிசு வாங்கின பிள்ளை மாதிரி. பதினோரு மணிக்குத் தலைக்கு ஊற்றி, வேப்பமரத்தடியில் கூந்தலை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு வாரப்பத்திரிகை படித்தார். இரண்டாம் நாள் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குத் தனியாகப் போய்க் காராச்சேவும் மல்லிகைப்பூவும் ஒரு சின்னப் பாட்டிலில் சிவப்பு நகப்பூச்சும் வாங்கி வந்தார். பள்ளிக்கூடத்தில் அதெல்லாம் பூசக்கூடாது. “லீவு முடியறதுக்குள்ள சுரண்டிருவேன்” என்று கால் விரல் பத்துக்கும் பூசிக்கொண்டு, எனக்கும் கையில் பூசிவிட்டார். என் விரலைப் பிடித்தவர், “ஏன் பிள்ள இப்படிச் சில்லுனு இருக்கு?” என்று கேட்டார். புரட்டாசி வெயில் கரிசலைப் பிளந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஊரே உழுது போட்டுவிட்டு மழைக்காக வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

அவருடைய ஜன்னலில் மூன்று கட்டுகள் இருந்தன. எட்டாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, அடியில் எங்களுடையது. தண்ணீர் எடுக்கப் போகும்போதும் வரும்போதும் நான் அவற்றைத்தான் பார்த்தேன். மூன்றும் மூன்றாகவே இருந்தால் அன்றைக்கு மட்டும் ராத்திரிச் சோறு கொஞ்சம் இறங்கும்.

வீட்டில் இன்னொரு பயமும் இருந்தது. அம்மா தினம் காலையில் கொல்லைக்குப் போய் ஒரு கைப்பிடி பருத்திமார் உருவி வருவார். எந்தப் பக்கம் உருவுவார் என்று சொல்ல முடியாது. அதனால் நானே முந்திக்கொண்டு எடுத்து வந்து அடுப்படியில் போட்டேன். பாக்கி நேரம் வினாத்தாளை வைத்துக்கொண்டு அதே கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டேன். எதற்கென்று தெரியாது. பயத்தில் வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை. பின்னமெல்லாம் இப்போது சமர்த்தாக வந்தது. “லீவுலதான்டி ஒனக்குப் பொறுப்பே வந்திருக்கு” என்று அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிப் பூரித்தார்.

மூன்றாம் நாள் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தாள் விஷயம்தான் என்று நினைத்தேன்.

“ஒரு விஷயம். யார்ட்டயும் சொல்லக்கூடாது. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கத்துத் தாரியா?”

வெயில் தாழ்ந்ததும் என் சின்னச் சைக்கிளை உருட்டிக்கொண்டு இருவரும் கண்மாய்க்குப் போனோம். கண்மாயில் தண்ணீர் இல்லை. சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நான்கைந்து ஆடுகளைத் தவிரப் பார்க்க ஆளில்லை. அவர் ஏறி உட்கார, நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். “விட்றாத, விட்றாத” என்று கத்தினார். வகுப்பில் எங்களை நடுங்க வைத்த குரல் அது. இரண்டு முறை விழுந்தார். இரண்டாவது முறை முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. நான் பயந்து நிற்க, அவர் புழுதியில் மல்லாந்து கிடந்து சிரிசிரி என்று சிரித்தார். ஐந்தாம் நாள் மாலையில் நான் கேரியரை விட்டுவிட்டேன். அது தெரியாமல் கண்மாய்க் கரை வரை அவர் தனியாகவே ஓட்டிக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்து நான் தூரத்தில் நிற்பதைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு அப்புறம் பெரியவர்கள் முகத்தில் அதிகம் பார்த்ததில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் ஓடினேன். பக்கத்தில் போனதும் அவர் என் கன்னத்தைக் கிள்ளி, “நாளையிலேர்ந்து பேப்பர் எடுக்கணும். ஒங்க கிளாஸுல ஒன் பேப்பரத்தான் மொதல்ல பாப்பேன். ஒங்க அப்பா சொன்ன புலி” என்றார். நான் சைக்கிளை வாங்கி வீட்டைப் பார்த்து உருட்டினேன்.

ஆறாம் நாள் எட்டாம் வகுப்புக் கட்டு ஜன்னலை விட்டுப் போயிற்று. ஏழாம் நாள் மத்தியானம் எங்கள் கட்டையும் காணவில்லை. அன்று சாயங்காலம் டீச்சர் சைக்கிளுக்குக் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடம் கூட்டுகிற அக்காவிடம் சாவி வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போய் இருட்டும் வரை தேடிவிட்டு வந்தார். அம்மா கொண்டுபோய்க் கொடுத்த குழம்பு மறுநாள் காலையில் அப்படியே இருந்தது.

“அவுக வீட்ல எதுவும் சரியில்லயோ என்னமோ. முகமே செத்துக் கெடக்கு. நீ போயி என்னான்னு கேளு” என்று அம்மா என்னையே அனுப்பினார்.

அறை முழுக்கக் கலைந்து கிடந்தது. பெட்டியிலிருந்த துணியெல்லாம் கட்டிலில் குவிந்திருந்தது. டீச்சர் என்னைப் பார்த்ததும், “கட்டிலுக்கு அடியில ஒரு பேப்பர் கெடக்கான்னு பாரேன். எனக்குக் குனிஞ்சு குனிஞ்சு தல சுத்துது” என்றார். நான் குனிந்து உள்ளே போனேன். விதை மூட்டைகள் இருந்த காலத்துப் பருத்திக்கொட்டை நான்கைந்து கிடந்தன. அங்கே எதுவும் இருக்காது என்று அந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனாலும் நிறைய நேரம் தேடினேன். வெளியே வந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வெளியே வந்ததும் அவர் என்னைக் கட்டிலில் உட்கார வைத்தார்.

“கோவிச்சுக்காத. ஒன் கணக்குப் பேப்பரத் தொலச்சுட்டேன்.”

நான் முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினேன்.

“நீ நல்லாத்தான் எழுதிருப்ப. என் தப்புதான். அன்னிக்கி எண்ணிக் கட்டியிருக்கணும். பஸ்ஸு வந்துருச்சுன்னு... எங்க விட்டேன்னே தெரியல.” குவிந்து கிடந்த துணியில் ஒன்றை எடுத்து மறுபடி உதறிப் பார்த்தார். “பள்ளிக்கூடம் தொறந்தன்னிக்கே ஹெட்மாஸ்டர் கட்ட வாங்கி எண்ணுவாரு. வந்து மூணு மாசங்கூட ஆகல. ஒரு பரீட்சைப் பேப்பரப் பத்திரமா வைக்கத் தெரியாதவன்னு எழுதிட்டா அவ்வளவுதான்.”

ஓட்டு அறைக்கும் பருத்திமார் அடுக்குக்கும் முப்பது அடி இருக்கும். எழுந்து போய் எடுத்து வந்து நீட்டினால் முடிந்தது. நான் எழவில்லை. ஒரு பெரிய மனுஷி என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்பதே எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. அதோடு, வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், நான் தப்பித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் குளிரவும் செய்தது.

“ஏங்கிட்ட முத்திரை போட்ட வெறும் பேப்பர் மிச்சம் இருக்கு. அன்னிக்கி எழுதினத அப்படியே எழுதித் தாரியா? ஞாபகம் இருக்குல்ல? யார்ட்டயும் சொல்லிராதம்மா. ஒங்க அப்பாட்டக்கூட.”

நான் தலையாட்டினேன்.

அம்மா புஞ்சைக்குப் போன நேரமாகப் பார்த்து எழுதினேன். டீச்சர் கதவைச் சாத்திவிட்டு, என்னைப் பார்க்காமல், கதவிடுக்கில் வாசலைப் பார்த்து நின்றார். நான் காப்பி அடிக்கிறேனா என்று பார்க்க வேண்டியவர், வெளியே யாராவது வருகிறார்களா என்று காவல் காத்தார். “பதட்டப்படாம எழுது” என்று நடுவில் ஒரு தடவை சொன்னார். அவர்தான் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு வாரமாகப் போட்டுப் பழகிய கணக்குகள். ஒரு இடத்திலும் பேனா நிற்கவில்லை. எழுதிக் கொடுத்ததும் அவர் அதைக் கட்டுக்குள் செருகி, இரண்டு முறை எண்ணிவிட்டு நூலை இறுக்கிக் கட்டினார்.

அன்று சாயங்காலம் பருத்திமார் அடுக்கிலிருந்து அந்தத் தாளை உருவி, குளிக்கத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்த அடுப்பில் வைத்தேன். முத்திரை முதலில் கறுத்துச் சுருண்டது. போலீஸ் வரவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. தலைமையாசிரியர் கட்டை எண்ணினார். முப்பத்தொன்று இருந்தது. எனக்குத் தொண்ணூற்றாறு. அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் டீக்கடைக்குப் போய்வந்தார். டீச்சரின் கால் விரல்களில் சிவப்பு இல்லை. நான் சைக்கிளை அவர் அறை வாசலிலேயே பல நாள் நிறுத்தி வைத்துப் பார்த்தேன். “வேல இருக்கு பிள்ள” என்று சொல்லிவிடுவார். விளக்குப் போட்டுக்கொண்டு, நாங்கள் கொடுத்த வீட்டுக் கணக்கு நோட்டுகளை ஒரு முறை எண்ணுவார், தள்ளி வைப்பார், மறுபடி இழுத்து எண்ணுவார். எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. என்னால்தானே பிழைத்தார், இப்போது பேசக்கூட நேரமில்லையா என்று.

அரையாண்டுப் பரீட்சைக்கு டீச்சர் ஒரு நீள நோட்டோடு வந்தார். ஒவ்வொருவரும் தாளைக் கொடுத்ததும் அதில் தன் பேருக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை எங்களில் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. பெரியவர்கள் ஆகிவிட்டது போல இருந்தது. ஒரு வாரம் பழைய நோட்டின் பின்பக்கம் எல்லாம் பழகி, எனக்கென்று ஒரு கையெழுத்து உண்டாக்கி வைத்திருந்தேன். கடைசி எழுத்தை இழுத்துக் கீழே ஒரு சுழி.

கணக்குப் பரீட்சை முடிந்த அன்று பஸ் வந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. டீச்சரின் பெட்டி கதவோரம் தயாராக இருந்தது. இந்த லீவுக்கு ஊருக்குப் போகிறார், பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டாராம் என்று அம்மா சொல்லியிருந்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இனி பத்து நாளைக்கு ஜன்னலைப் பார்க்க வேண்டியதில்லை.

முப்பத்தோராவதாக நான் போனேன். சுழியோடு கையெழுத்துப் போட்டு, நன்றாக இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முதல் தாளிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்திருந்தார், உதடு அசைய, விரலால் தாள்களைத் தொட்டுத் தொட்டு. அந்த நோட்டு எங்களை நம்பாமல் போட்ட நோட்டு என்றுதான் வகுப்பில் எல்லாரும் பேசிக்கொண்டோம். அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன்.