வசந்தா அத்தை பாடிய ஆறு வரிகள்

போத்தனூர் ரயில்வே காலனியின் நடன இசைக்குழு வெளியிட்ட ஓர் இசைத்தட்டில், ட்ரம்பெட்டுகளுக்கும் கிளாரினெட்டுகளுக்கும் நடுவே ஆறு வரி தமிழ்ப் பாட்டு வரும். அதைப் பாடியவர், பதினாறு வயதில் டைபாய்டு கண்டு இறந்துபோன என் வசந்தா அத்தை என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். சென்ற வாரம் எலக்ட்ரீஷியன் வந்து, எங்கள் கூடத்தில் மிஞ்சியிருந்த கடைசி ட்யூப்லைட்டைக் கழற்றிக்கொண்டு போனபோது அந்த நம்பிக்கை நினைவுக்கு வந்தது. ட்யூப்லைட்டுக்கும் அத்தைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சொல்கிறேன், சற்றுச் சுற்றித்தான் வரவேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் காந்திபுரத்தில் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தேன். பழைய இசைத்தட்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுப்பது அங்கே முக்கியமான தொழில். உள்ளே நுழைந்ததும் டேப் ஹெட்டைத் துடைக்கும் ஸ்பிரிட்டின் வாசனை வரும். இன்றும் ஊசி போடுமுன் நர்ஸ் கையில் பஞ்சைத் தேய்த்தால் எனக்கு வலிக்கு முன்னால் பாட்டு ஞாபகம் வந்துவிடுகிறது. கேசட் அட்டையில் பாட்டையும் பாடியவரையும் எழுதுவது என் பொறுப்பு. பழைய தட்டுகள் பலவற்றின் லேபிளில் இசைக்குழுவின் பெயர் இருக்கும். பாடியவர் பெயர் இருக்காது. கடைக்கார பாய் ‘குழுவினர்’ என்று எழுதி முடிக்கச் சொல்வார். எனக்கு மனம் ஒப்பாது. பெயர் தெரிந்த தட்டையும் தெரியாத தட்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டு, மூச்சு வாங்கும் இடத்தையும் சொல் முடிகிற விதத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

“பாட்டு மூணு நிமிசம், அம்மணி. நீங்க மூணு நாளாக் கேக்கறீங்க.”

“பேரு தெரியாம எப்படிங்க பாய் எழுதறது?”

“போன வாரம் தெரிஞ்சுதான எழுதுனீங்க? அது பொம்பளை இல்லீங்க, ஆம்பளைன்னு பாட்டு வாத்தியாரு வந்து சொல்லிப்போட்டுப் போனாரு.”

அது உண்மைதான். இருந்தாலும் என் காதின் மேல் எனக்கிருந்த கர்வம் குறையவில்லை.

அத்தைகள் இருவர். மூத்தவர் பெரியத்தை, காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, கணவர் போன பிறகு கணபதியில் எங்களோடு வந்து இருந்தார். இளையவர் வசந்தா. இருவருக்கும் தம்பி என் அப்பா. வசந்தா அத்தை இறந்தபோது அப்பாவுக்கு எட்டு வயது. பின்னாளில் லேத் பட்டறை வைத்தவர். வீட்டிலிருந்த பழைய கிராமபோன் நின்றுபோனபோது, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகைத் தாமே கடைந்து பொருத்தினார். அதில் அவருக்கு அலாதிப் பெருமை. ஆண்டுதோறும் வசந்தா அத்தையின் திதியன்று, இலை எடுத்த பிறகு அந்தத் தட்டை வைப்பார். கீச்சென்று, சின்னப் பெண்ணின் குரல் எழும். அப்பா கண்ணை மூடிக்கொள்வார். பெரியத்தை குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவார். தங்கையின் குரலைத் தாங்க முடியவில்லை என்று நினைத்தோம்.

தட்டு தேய்ந்துகொண்டே வந்தது. அந்த ஆண்டுத் திதிக்குள் அதைக் கேசட்டில் பதிந்து அப்பாவிடம் கொடுக்க எண்ணி, கடைக்கு எடுத்துப் போனேன். கடையிலிருந்த சுழல்தட்டின் விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கும்போது அவை அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் சரி; ஓடுவதுபோல் தெரிந்தால் பிசகு. புள்ளிகளை நிறுத்திவிட்டு ஊசியை வைத்தேன்.

பாட்டு நிதானமாக வந்தது. ட்ரம்பெட்டுகளுக்கு உடம்பு வந்திருந்தது. பிறகு அந்தக் குரல். சின்னப் பெண்ணினுடையது அல்ல. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சொல்லை மெல்லக் கீழே இறக்கி வைத்தது. தினமும் காலையில் என்னை எழுப்பும்போது ‘கண்ணு’ என்ற சொல்லை அப்படி இறக்கி வைப்பவர் ஒருவர்தான். அப்பா கடைந்த திருகு, அத்தனை வருடமும் தட்டை வேகமாகச் சுழற்றி, ஓர் அக்காவை இன்னோர் அக்காவாக ஆக்கியிருந்தது.

அன்று மாலை பெரியத்தை கொல்லையில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, அந்தத் தட்டுல பாடுனது நீங்கதானுங்களா?”

மடித்த சேலையை மறுபடி பிரித்து மடித்தார்.

“மைக்கைப் பார்த்ததும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. மெட்ராஸ்ல இருந்து வந்த ரெக்கார்டு கம்பெனிக்காரவிக நிக்கறாங்க, பேண்டு மாஸ்டர் கையைப் பிசையறாரு. தொணைக்குப் போன நான் பாடிப்போட்டேன். காங்கேயத்துல தெரிஞ்சா என்ற மாமியா ஊட்டை விட்டே தொரத்தியிருப்பாங்க. அவதான் பாடுனான்னு ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டோம்.”

“அப்பறமாச்சும் அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“ஆறே மாசத்துல அவ போயிட்டா. உங்கப்பன் ‘வசந்தாக்கா பாடறா’ன்னு அந்தப் பாட்டுப் பொட்டிகிட்டவே உக்காந்திருந்தான். எப்படிச் சொல்றது?” அடுத்த துணியை எடுத்து உதறினார். “என்ற கொரல் வேணும்னா நான் இங்கதான இருக்கறேன். அவ கொரலுக்கு அவன் எங்க போவான்? சொல்லிப்போடாத கண்ணு.”

பெயரில்லாத குரல்களுக்குப் பெயர் தேடுவதே வேலையாக வைத்திருந்தவளிடம், தெரிந்த பெயரை எழுதாதே என்று கேட்டார். இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள், புள்ளிகள் ஓட ஓட, அப்பா பழகிய வேகத்திலேயே பதிந்து, அட்டையில் ‘பாடியவர்: வசந்தா’ என்று எழுதினேன். சரியான வேகத்தில் இன்னொன்று பதிந்து எனக்கென்று வைத்துக்கொண்டேன். அதன் அட்டையில் எதுவும் எழுதவில்லை.

திதியன்று அப்பா கேசட்டைப் போட்டார். பெரியத்தை குடத்தை எடுக்கவில்லை. முதல் முறையாகக் கூடத்தில் உட்கார்ந்தார்.

“கேளுங்க அக்கா, எரைச்சலே இல்லை. வசந்தாளே வந்து பாடற மாதிரி இருக்குது.”

“நல்லாத்தான் பாடறா,” என்றார் பெரியத்தை. என்னைப் பார்க்கவில்லை. “மூணாவது வரில மட்டும் மூச்சு பத்தலை.”

“அவளைக் கொறை சொல்லாட்டி உங்களுக்குச் சோறு எறங்காது,” என்று அப்பா சிரித்தார். பெரியத்தையும் சிரித்தார்.

கேசட் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். பட்டறையை விற்றபோது கிராமபோனும் இரும்போடு இரும்பாகப் போயிற்று. அப்பா, வசந்தா அத்தையின் குரலைக் கேட்டதாகவே நம்பி விடைபெற்றார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துப் பெரியத்தையும் போனார். வீட்டில் கேசட்டை ஓட்டுவதற்கு இன்று ஒரு கருவியும் இல்லை. புள்ளிகளை நிறுத்திக் காட்டும் ட்யூப்லைட்டும் சென்ற வாரத்தோடு போய்விட்டது. அந்த ஆறு வரிகளைப் பாடியவர் யார் என்று தெரிந்தவர்களில், நான் ஒருத்திதான் இருக்கிறேன்.