உள்ளி கட்டிய ஜன்னலும் சோமசேகரத்தாரின் மைக்கும்

திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரனின் இங்கிலீசைக் காதால் பிடித்தவர்கள் பலர் உண்டு. அதை மைக்கில் ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்குத் தமிழாக்கிக் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான்: சாம்பல்தீவுச் சோமசேகரத்தார். மூன்றாம் வகுப்போடு சிலேற்றைக் கீழே வைத்தவர். கடற்படை அதிகாரிகளின் குசினியில் வெங்காயம் உரித்துத் தொடங்கி, டொக்யாட்டில் பாரந்தூக்கிக்குப் பக்கத்தில் நின்று துரைமாரின் கட்டளையைக் கூலியாட்களுக்குத் தமிழில் திருப்பிச் சொல்லும் ஆளாக உயர்ந்தவர். சிபாரிசு செய்ய ஒரு மாமன் இல்லை, மச்சான் இல்லை. எல்லாம் தன் காதும் தன் நாக்கும். இதைத் தேநீர்க் கடையில் முன்பின் தெரியாதவருக்கும் சொல்லுவார். சொல்லவேண்டிய விஷயம்தானே, ஏன் ஒளிக்க வேண்டும்?

வெள்ளைக்காரனின் கடற்படை கப்பலேறிப் போனபோது பலர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சோமசேகரத்தார் நேரே இரத்தினசிங்கம் முதலாளியின் படமாளிகைக்குப் போனார். "முதலாளி, உங்கட இங்கிலீசுப் படத்துக்கு ஆர் வருகினம்? கந்தோரில எழுதிற கிளாக்கர்மார் நாலுபேர். எனக்கு ஒரு மைக்கும் ஒரு கதிரையும் தாங்கோ, ஊரையே கொண்டு வாறன்" என்றார். கொண்டும் வந்தார். திரைக்கு இடப்பக்கம் கதிரையைப் போட்டு, படம் ஓட ஓட அவர் தமிழில் கதை சொன்னார். திரியாயிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் பஸ் பிடித்து வந்து கேட்டார்கள்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவருடைய இங்கிலீசு டொக்யாட் இங்கிலீசு. கயிறு, கொக்கி, தூக்கு, இறக்கு, தேத்தண்ணி, அதோடு விதம்விதமான ஏச்சு. காதல் காட்சியும் நீதிமன்றக் காட்சியும் வந்தால் அவர் தன் சொந்தச் சரக்கை எடுத்து விடுவார். ஒரு குறையும் வந்ததில்லை. பல படங்களுக்கு, எடுத்தவன் வைத்த கதையைவிட அவர் வைத்த கதைதான் நன்றாக இருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் அந்த இரத்தம் குடிக்கும் துரையின் படம் வந்து சேர்ந்தது.

புதுப்படம், கலர்ப்படம். பழங்கால அரண்மனைப் படம் என்று நினைத்தால் துரை மோட்டார்க் காரில் வருகிறான். கறுப்புக் கண்ணாடி போடுகிறான். ஆனால் தூங்குவது ஒரு நீளப் பெட்டிக்குள், தன் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த மண்ணுக்கு மேலே. வீதியோரம் ஒட்டிய நோட்டீசை, கோதுமை மாப் பசைக்கு ஆசைப்பட்டு ஊருக்குள் திரியும் மான்கள் தின்றுவிட்டன. பல சுவர்களில் துரையின் இரண்டு பல் மட்டும் மிஞ்சிக் கிடந்தது. முதலாளிக்கு அது நல்ல விளம்பரமாகப் போய்விட்டது.

வெள்ளி பின்னேரம் முதல் காட்சி. மண்டபம் நிறைந்த ஆம்பிளைகள். துரை ஒரு வீட்டு வாசலில் நிற்கிறான், உள்ளே போகவில்லை. ஏன் போகவில்லை என்று சோமசேகரத்தாருக்கும் விளங்கவில்லை. "துரைக்குக் காலில் நோவு" என்றார். துரை கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறான், கண்ணாடியில் ஆளில்லை. "பாதரசம் கழன்ற பழங் கண்ணாடி" என்றார். நோயாளிப் பெட்டையின் ஜன்னலில் உள்ளியை, அதுதான் வெள்ளைப்பூண்டை, கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். "நாளைக்கு வீட்டில் விருந்து, இறைச்சிக் கறிக்கு உள்ளி காய வைத்திருக்கினம்" என்றார்.

அதோடு விசில் பறந்தது. "ஐயா, விருந்துக்கு எங்களுக்கும் சொல்லுவியளோ?" என்று ஒரு குரல். மேலே படம் ஓட்டும் அறையின் துவாரத்திலிருந்து ஒப்பரேற்றர் பாக்கியரத்தினத்தின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அவரும் டொக்யாட்டில் பாரந்தூக்கி ஓட்டியவர்தான். சோமசேகரத்தாரின் இங்கிலீசு எவ்வளவு ஆழம் என்று அளந்து வைத்திருந்த ஒரே மனிதர்.

படம் முடிய முதலாளி வாசலில் மறித்தார். "சோமசேகரம், நாளைக்குப் பகல் பொம்பிளையளின்ர காட்சி. அதிலயும் இப்பிடி விசிலும் கூத்துமெண்டால் மைக் வேண்டாம். படத்துக்கு இடையில பாட்டு ரெக்கோட் போட்டுவிடுறன். நீர் வாசலில நிண்டு டிக்கற் கிழிக்கலாம்."

டிக்கற் கிழிப்பதா! துரைமாரின் கட்டளையை மாற்றிச் சொன்ன நாக்கு வாயில் சும்மா கிடப்பதா? மைக் போனால் ஊரில் அவர் யார்? வேலை போன இன்னொரு டொக்யாட்காரன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடிந்ததும் வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு தேவாலயத்து மதில் வரைக்கும் போனார். உள்ளே இருக்கும் பாதிரியார் வெள்ளைக்காரத் தேசங்களில் படித்தவர். உள்ளி என்ன, கண்ணாடி என்ன, பெட்டிக்குள் மண் என்ன என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார். அதை அறிய சோமசேகரத்தாருக்கும் நெஞ்சுக்குள் பூச்சி ஊர்வதுபோல ஆசைதான். மைக் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு மனிதன் ஏன் கண்ணாடியில் தெரியாமல் போகிறான்? வாசல் படலையில் கை வைத்தார். கேட்டால் 'உமக்குத் தெரியாதோ?' என்பாரே. பிறந்ததிலிருந்து யாரிடமும் 'தெரியாது' என்ற சொல்லை அவர் சொன்னதில்லை. கையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

பகல் காட்சிக்கு மண்டபம் கொள்ளாத பொம்பிளைகள். முன் வரிசை வாங்கில் முக்காட்டை இழுத்துவிட்டபடி மருத்துவிச்சி ஸல்ஹா உம்மா. நகரத்தில் பாதிப்பேர் அவர் கையில்தான் விழுந்தார்கள். சோமசேகரத்தாரின் பிள்ளைகளையும் அவர்தான் எடுத்தார். அவருக்குப் பின்னால், படமே பார்க்காத தன் மனைவி கமலேஸ்வரி இருப்பதைக் கண்டதும் சோமசேகரத்தார் கதிரையைத் திரைப் பக்கம் திருப்பிப் போட்டார்.

படம் தொடங்கியது. துரை வாசலில் நின்றான். உள்ளே இருந்த பெட்டை சிரித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள். அதன் பிறகுதான் துரை காலை உள்ளே வைத்தான். அந்தளவு இங்கிலீசு சோமசேகரத்தாருக்கு நன்றாகவே தெரியும், நேற்று கால் நோவைச் சொல்லும் அவசரத்தில் காதில் விழவில்லை: "வாங்கோ எண்டு கூப்பிடுறா!"

"கூப்பிடாத, பிள்ளை!" என்று பின் வாங்கிலிருந்து ஒருத்தி கத்தினாள். கதவு திறந்தாயிற்று, இனிக் கத்தி என்ன.

பெட்டை வெளுத்துப்போய்க் கட்டிலில் கிடந்தாள். ஜன்னல்கள் பூட்டிக் கிடந்தன. ஒரு கிழவி உள்ளிச் சரத்தைக் கொண்டுவந்து கட்டினாள். சோமசேகரத்தார் வாயைத் திறக்கு முன்னமே ஸல்ஹா உம்மா எழும்பிவிட்டார்.

"மகன் சோமசேகரம், புள்ள எங்க?"

"என்ன பிள்ளை, உம்மா?"

"இது பெத்த ஊடு. ஜன்னலெல்லாம் பூட்டு. பொம்புள ரத்தமில்லாம வெளுத்துக் கெடக்கா. காவலுக்குக் கெழவி. நாங்க வாசல்ல வேப்பில செருகுறம், கட்டிலுக்குக் கீழ இரும்பு வெக்கிறம், உள்ளித்தோல் போட்டுப் பொக புடிக்கிறம். அவங்கட ஊர்ல வேம்பு ஏது? உள்ளிய முழுசாக் கட்டித் தொங்கவுட்டிருக்காங்க. எல்லாஞ் சரி. புள்ள எங்க?"

திரையில் பெட்டை மூச்சு வாங்குகிறாள். எல்லாக் கண்ணும் கதிரைப் பக்கம். 'பிள்ளை பக்கத்து அறையில் நித்திரை' என்று சொல்லலாம். நாக்கின் நுனிக்கு வந்தும்விட்டது. ஆனால் கேட்டது யார்? ஆயிரம் பிள்ளையை வெளிச்சத்துக்கு எடுத்த கை. அந்த மனுசிக்கு முன்னால் இல்லாத பிள்ளையைப் பெற்றுக் காட்ட அவராலும் ஏலாது. வாசலில் முதலாளியின் வெள்ளை வேட்டி தெரிந்தது.

சோமசேகரத்தார் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டு வந்தார்.

"எனக்குத் தெரியாது, உம்மா" என்றார். மைக் அதை மண்டபத்தின் நாலு மூலைக்கும் கொண்டுபோனது. "எனக்கும் அறிய ஆசையாத்தான் கிடக்கு. உங்களுக்கு என்ன படுகுது? சொல்லுங்கோ."

அப்படி ஒரு கேள்வியை எவரும் அந்தப் பொம்பிளைகளிடம் அதுவரை கேட்டிருக்கவில்லை. மடை திறந்த மாதிரி வந்தது பதில்.

"புள்ள தவறிப்போச்சு. அந்த ஏக்கத்தில இவ ஆரெண்டு பாக்காமக் கதவத் தெறந்துட்டா" என்றார் ஸல்ஹா உம்மா.

"துரை ஆள் இல்லை உம்மா, அது நோய், வருத்தம். பெத்த உடம்பில வாற சன்னி" என்றாள் துறைமுகக் கிளாக்கரின் பெண்சாதி புஷ்பவதி. "அதுதான் பகலில இல்லை. பொழுதுபட்டால்தானே காய்ச்சல் ஏறும்?"

"வருத்தம் கார் ஓடுமோ?" என்று வேறொருத்தி கேட்க, மண்டபம் சிரித்தது.

"அப்ப அந்தப் பெட்டியும் மண்ணும்?" சோமசேகரத்தார் விடவில்லை. கேட்கக் கேட்க அவருக்கே ருசி பிடித்துவிட்டது.

மேலே துவாரத்திலிருந்து பாக்கியரத்தினம் தலையை நீட்டினார். "மச்சான், அதுகூடவா விளங்கேல்லை? எங்கட துறைக்குக் கப்பலில வந்து, கொண்டுவந்த தன்ர மண்ணிலயே படுத்து, எங்கட ரத்தத்தைக் குடிச்சவன் ஆர்? கூப்பிட்டு உள்ள விட்டது ஆர்? நீயும் நானும் வாசலில நிண்டு சலூட் அடிச்சமே!"

சோமசேகரத்தாருக்கு அது நெஞ்சில் தைத்தது. தன் இங்கிலீசுக்குத் தோளில் தட்டிக் கொடுத்த துரைமாரின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. அதற்குள் திரையில் கண்ணாடி வந்துவிட்டது. துரை நிற்கிறான், கண்ணாடியில் வெறும் சுவர்.

"இது ஏன்?" என்று மைக்கில் கேட்டார்.

கமலேஸ்வரியின் குரல் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"ஊரில எல்லாரையும் பார்ப்பார். எல்லாரைப் பற்றியும் கதைப்பார். தன்னை மட்டும் பாரார். எங்கட வீட்டிலயும் அப்பிடி ஒருவர் இருக்கிறார்."

தகரக் கூரை பறந்துவிடும் போலச் சிரிப்பு எழும்பியது. ஸல்ஹா உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக் குலுங்கினார். சோமசேகரத்தார் முதலில் திகைத்தார், பிறகு தானும் சிரித்தார். மைக்கில் அவருடைய சிரிப்புத்தான் எல்லாருடையதையும்விடப் பெரிதாகக் கேட்டது. அதில் அவருக்கு ஒரு பெருமை.

படம் முடிந்தும் பொம்பிளைகள் வீட்டுக்குப் போகவில்லை. முற்றத்தில் கூட்டம் கூட்டமாக நின்று பிள்ளை எங்கே என்று வழக்காடினார்கள். படக் கடைசியில் துரை வெயிலில் பொடியாகிப் போனதைச் சொல்லிப் புஷ்பவதி, "காய்ச்சல் விட்டிட்டுது, பாத்தியளோ?" என்றாள். "அப்ப சன்னிக்கு மருந்து வெயிலோ?" என்று அவளை மடக்கினார்கள். பின்னேரக் காட்சிக்கு வந்த ஆம்பிளைகள் வாசலிலேயே அதைக் கேட்டார்கள். நேற்று விசிலடித்தவர்களே மறுபடியும் டிக்கற் வாங்கினார்கள்.

முதலாளி மைக்கின் கம்பியைத் தானே சுருட்டி எடுத்துவந்து சோமசேகரத்தாரின் கையில் வைத்தார். "பின்னேரமும் கேளும்" என்றார். "நீர் சொல்லுறதைவிடக் கேக்கிறதுதான் நல்லாக் கிடக்கு."

"கேக்கிறதெண்டால் சும்மாவோ முதலாளி? இந்தத் துறைமுகத்தில என்னைப் போலக் கேக்க ஆர் இருக்கினம்?" என்றார் சோமசேகரத்தார்.

ஒருமுறை சொல்லிப் பார்த்த பிறகு அந்தச் சொல் அவ்வளவு பாரமாக இல்லை. திங்கட்கிழமை தேவாலயத்துப் படலையைத் திறந்துகொண்டு நேரே உள்ளே போனார். "சுவாமி, எனக்கொரு விஷயம் தெரியாது" என்று தொடங்கினார். பாதிரியார் தேத்தண்ணி கொடுத்து இருத்தி, அவருடைய வாயிலிருந்து முழுப்படத்தையும் கேட்டுச் சிரித்தார். அந்தப் படத்தில் பிள்ளையே கிடையாது என்றார். அந்தத் தேசத்துச் சனத்தின் நம்பிக்கை அது, கெட்டது ஒன்றும் வீட்டுக்குள் வராமலிருக்க வாசலிலும் ஜன்னலிலும் உள்ளியைக் கட்டுவார்கள் என்றார். பெட்டிக்குள் மண் ஏன் என்று கேட்டதற்கு அவரும் கொஞ்சம் யோசித்தார். "பாக்கியரத்தினம் சொன்னது பிழையெண்டு சொல்ல ஏலாது" என்றார்.

சோமசேகரத்தார் அங்கிருந்து நேரே ஸல்ஹா உம்மாவின் வீட்டுக்கு நடந்தார். பெரிய செய்தியைச் சுமந்து போகிறவரின் நடை. ஸல்ஹா உம்மா முற்றத்தில் உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். புதிதாகப் பெற்ற ஒருத்திக்குக் கொடுக்கும் மருந்துச் சரக்குக் காய்ச்ச.

"உம்மா, சுவாமியிட்டக் கேட்டிட்டன். பிள்ளையே இல்லையாம். கெட்டது உள்ள வராமலிருக்கத்தான் உள்ளி கட்டுறதாம்."

ஸல்ஹா உம்மா தலையைத் தூக்கவில்லை. ஒரு பல்லை உரித்துச் சுளகில் போட்டார்.

"அதத்தானே மகன் நானுஞ் சொன்னன்" என்றார். "பின்ன, பெத்தவட வாசல்ல நாங்க கட்டுறதெல்லாம் ஆரத் தடுக்கவெண்டு நெனச்சாய்?"

சோமசேகரத்தார் முற்றத்தில் குந்தினார், கையை நீட்டி ஒரு முழு உள்ளியை எடுத்தார், உரிக்கத் தொடங்கினார். துரைமாரின் குசினியில் பழகிய கை, வேகமாகத்தான் உரித்தது.

"ஆரைத் தடுக்க உம்மா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாது. சொல்லுங்கோ."