வாயால் வண்டி ஓட்டும் அத்தை

என் அத்தை பத்தொன்பது வருடமாகக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறாள். ஸ்டியரிங்கைப் பிடிப்பது மாணவர்கள். அத்தை பக்கத்துச் சீட்டில், காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கோடு, வாயால் ஓட்டுவாள். "கியரை ஏம்ப்பா மாவு பிசையற மாதிரி பிசையற?"

நான் மூன்று வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு வீடு திரும்பியபோது புது விதி வந்திருந்தது. அதிவேகக் காருக்குத் தனி உரிமம். கற்றுத் தருகிறவர்களுக்கும் அது கட்டாயம். இல்லையென்றால் வேலைக்கு வர வேண்டாம் என்று பயிற்சிப் பள்ளி முதலாளி சொல்லிவிட்டார்.

தேர்வு மைதானத்தில் அத்தைக்குத் துணையாகப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். நேர்பாதையில் முழு வேகம் பிடித்து, மஞ்சள் கோட்டில் பிரேக் போட்டு, வெள்ளைக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். பக்கத்துச் சீட்டில் தேர்வு நடத்துகிற தேர்வாளரின் காலடியிலும் ஒரு பிரேக். அதை அவர் தொடும்படி ஆனால் ஓட்டுகிறவர் தோல்வி.

கார் நகர்ந்தது, மாட்டுவண்டி வேகத்தில். பத்தொன்பது வருடம் யாரையும் வேகமாகப் போக விடாதவளுக்குக் கால் இறங்க மறுத்தது.

"அழுத்துங்கம்மா."

"ஓட்டுறவங்கள அவசரப்படுத்தக் கூடாது சார்."

பிறகு தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். தன்னையே திட்டத் தொடங்கினாள். "அழுத்துடி! கீழ என்ன எறும்பா இருக்கு? அழுத்து!"

கார் பாய்ந்தது. என் முதுகு சீட்டோடு அப்பிக்கொண்டது. மஞ்சள் கோடு வந்ததும் அத்தை அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "பிரேக்!"

தேர்வாளர் மிதித்துவிட்டார்.

"நீங்க ஏன் சார் மிதிச்சீங்க? நான் என்னைச் சொன்னேன்!"

"நீங்க போட்ட சத்தத்துல கால் தானா போயிருச்சும்மா."

"அப்ப நான் ஃபெயிலா?"

அவர் காகிதத்தையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "தப்பு என் மேலதான். இன்னொரு தடவை ஓட்டுங்க. ஆனா ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அத்தைக்கு முகம் வெளுத்தது. என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, கைக்குட்டை வச்சிருக்கியா?"

கொடுத்தேன். உருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. "ம்ம்ம்ம்!" கார் பறந்தது. இன்னொரு "ம்ம்!" வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. தேர்வாளர் இரண்டு கால்களையும் சீட்டின் மேல் மடக்கி வைத்திருந்தார்.

அத்தை தேறினாள். உரிமத்தில் முத்திரை விழும்வரை கைக்குட்டையை எடுக்கவில்லை. அலுவலகத்தில் பெயர் கேட்டபோது எழுதிக் காட்டினாள்.